வானத்து மேல பழி போடாதே! வடிகாலுக்கு வழி சொல்லு!

(வடிகால்களைத் தூர்வாரக் கோரியும், வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு ஆகியவற்றில் நியாயம் கேட்டும் வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நமது சங்கம் நடத்திய தர்ணாவில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.)

பெரியோர்களே, தாய்மார்களே, வேகாத வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயிகளே, விவசாயத் தொழிலாளர்களே! 

வருஷா வருஷம் இந்த வாசலுக்கு மனு கொண்டுவருகிறோம். பயிர் மூழ்கிப் போச்சு, வடிகாலை வெட்டிவிடுங்க, நிவாரணம் கொடுங்க என்று எழுதிக் கொடுக்கிறோம். வருஷா வருஷம் ஒரே பதில்தான் வருது. "இயற்கைச் சீற்றம். எதிர்பாராத மழை. நூறு வருஷத்துக்கு ஒருமுறை பெய்யுற மழை. நாங்க என்னய்யா பண்ண முடியும்?"

அந்தப் பதிலைத்தான் இன்னைக்கு எடுத்துப் பேசப் போகிறேன். மழை ஏன் இப்படிப் பெய்யுது? அதில் எது முன்கூட்டியே தெரியும், எது தெரியாது? வானத்தின் பங்கு எவ்வளவு, மனுஷன் பங்கு எவ்வளவு? இதை நாம் பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்ல முடியும்.

நூறு வருஷ மழை எத்தனை தடவை வரும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். சென்னை மூழ்கியது. நூறு வருஷத்தில் இல்லாத மழை என்றார்கள்.

2022 நவம்பர் 11. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். கொள்ளிடத்தில் 32. செம்பனார்கோயிலில் 24. நட்ட சம்பாப் பயிர் தலை தெரியாமல் தண்ணீருக்குள் போனது. அதையும் நூறு வருஷத்தில் இல்லாத மழை என்றார்கள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம் ஒரே நாளில் கொட்டியது. அது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். கடலுக்குச் சம்பந்தமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50.

பத்து வருஷத்துக்குள் நாலு 'நூறு வருஷ மழை' வந்தாச்சு. இனிமேலும் எதிர்பாராதது என்று சொன்னால் அது பதில் இல்லை, சாக்கு.

44 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு மா நிலத்துக்கு ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 17 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி 148 வந்து ஒரே ஏக்கரில் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி. அதுவும் மேட்டிலிருந்து வரும் தண்ணீரைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

கடலில் ஓர் ஏற்றமரம்

நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடும் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் 60 சதவீதம்வரை இந்த மூன்று மாதத்தில்தான். இது ஒரு வருஷம் கொட்டுவதற்கும் ஒரு வருஷம் காய்வதற்கும் காரணம் எங்கேயோ தூரத்துக் கடலில் இருக்கிறது.

நடவு வயலில் தண்ணி கட்டியிருக்கும்போது பலமாகக் காற்று அடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் எல்லாம் ஒரு பக்க வரப்பில் ஒதுங்கும். எதிர்ப் பக்கம் சேறு தெரியும். பசிபிக் பெருங்கடலிலும் அதேதான் நடக்கிறது. கிழக்கேயிருந்து அடிக்கும் காற்று, சூடான மேல்தண்ணீரை இந்தோனேசியா, ஆஸ்திரேலியாப் பக்கம் தள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறது. சில வருஷங்களில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். ஒதுங்கிய சூட்டுத் தண்ணீர் தென் அமெரிக்காப் பக்கம் திரும்பிப் பரவும். அதற்குப் பேர்தான் எல் நினோ. பெரு நாட்டு மீனவர்கள் வைத்த பெயர். காற்று வழக்கத்தைவிட பலமாக அடித்துத் தண்ணீரை இன்னும் ஒதுக்கினால் அது லா நினா.

சூட்டுத் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் மேகம் திரளும். தண்ணீர் இடம் மாறினால் மேகமும் காற்றும் உலகம் பூராவும் இடம் மாறும். இந்திய வானிலைத் துறைக்கு 1904ல் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் என்ற வெள்ளைக்காரர், பருவமழை பொய்ப்பதற்குக் காரணம் தேடப் போய், பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுது என்று கண்டுபிடித்தார். நம்ம ஏற்றமரம் மாதிரி.

எல் நினோ வருஷத்தில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நொண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும். இதன் விளைவு என்ன? 2023ஐப் பாருங்கள். எல் நினோ வருஷம். அந்த ஆகஸ்ட் மாதம் 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகத்தில் மழை இல்லை, காவிரியில் தண்ணீர் இல்லை. ஜூன் 12ல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10ல் மூடினார்கள். குறுவை கருகியது. அதே வருஷம் டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் வெள்ளம். காய்ச்சலும் வெள்ளமும் ஒரே வருஷத்தில், ஒரே காரணத்தின் கைவேலையோடு.

நம்ம இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயும் இப்படி ஓர் ஊசலாட்டம் உண்டு. 1999ல் தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள், இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று. ஆப்பிரிக்காப் பக்கம் கடல் சூடாகி, சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால் நமக்கு மழை கூடுவதற்கு வாய்ப்பு. அது தலைகீழானால் குறைவதற்கு வாய்ப்பு. 2016ல் தலைகீழாக இருந்தது, கூடவே லேசான லா நினாவும் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து போச்சு. பயிர் கருகி, மனம் உடைந்து, டெல்டாவில் எத்தனை விவசாயிகளைப் பறிகொடுத்தோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரியில்தான் மாநிலம் முழுக்க வறட்சி என்று அறிவித்தார்கள்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பூமியின் நடுப்பகுதியை ஒட்டி, மேற்கேயிருந்து கிழக்காக ஒரு பெரிய மேகக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. டி.வி.யில் எம்.ஜே.ஓ. என்று சொல்கிறார்களே, அதுதான். அது நம்ம கடல் பக்கம் வரும் நாட்களில் தாழ்வுநிலை உருவாவது சுலபம். தாண்டிப் போய்விட்டால் வானம் வெறிச்சென்று இருக்கும்.

வருஷ மழை வேறு, ஒருநாள் மழை வேறு

இங்கேதான் நாம் கவனமாக இருக்கணும். எல் நினோ வந்தால் வெள்ளம், லா நினா வந்தால் வறட்சி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் ஏமாந்து போவோம்.

2021 லா நினா வருஷம். ஆனால் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். 2010ம் லா நினாதான், அப்போதும் நல்ல மழை. 2022ல் லா நினாவும் இருந்தது, இந்தியப் பெருங்கடலும் நமக்குப் பாதகமாகத்தான் இருந்தது. கடைசியில் மாநில மழைக் கணக்கு இயல்பு அளவை ஒட்டியே முடிந்தது. அந்த 'இயல்பான' வருஷத்தில்தான் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது!

மொத்த மழை எவ்வளவு என்பதைத் தூரத்துக் கடல் ஓரளவு சாய்த்து வைக்கும். அதை ஒரே ராத்திரியில் எந்த ஊர் தலையில் கொட்டுவது என்பதை அந்த வாரம் உருவாகும் தாழ்வுநிலையும், பக்கத்துக் கடலின் சூடும், காற்று வந்து மோதும் இடமும் தீர்மானிக்கும். அதனால் "இந்த வருஷம் இயல்பான மழைதான்" என்று செப்டம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தால் வடிகால் வேலையைத் தள்ளிப்போடலாம் என்று அர்த்தம் இல்லை. சராசரியில் யாரும் மூழ்குவதில்லை. ஒரு நாளில்தான் மூழ்குகிறோம்.

இன்னொரு விஷயம். இந்த ஊசலாட்டம் எல்லாம் நம்ம பாட்டன் காலத்திலும் இருந்தது. அடியில் இருக்கும் கடல்தான் மாறிவிட்டது. 1950லிருந்து 2020வரை இந்தியப் பெருங்கடலின் மேல்தண்ணீர் நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். மூட்டை பெரிதாகிவிட்டது. அவிழ்ந்தால் கொட்டுவதும் பெரிதாகத்தானே இருக்கும்? மழை நாட்கள் கூடாமலேயே ஒருநாள் மழை கூடுவது இப்படித்தான். புகையைக் கக்கிக் கடலைச் சூடேற்றியது யார்? ஐந்து மா குத்தகை நிலத்தில் உழுகிறவனா? இல்லையே!

பருவமும் கட்டுக்குள் இல்லை. 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற பயிர் மேல், அந்த மாதத்து வழக்கமான மழையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பெய்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அதே கதை. கதிர் சாய்ந்து, வயலிலேயே நெல் முளைவிட்டது.

மழை வானம் தருவது, வெள்ளம் யார் தருவது?

தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876ல் மழை பொய்த்தது. 1877ல் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்றைக்கு விஞ்ஞானம் சொல்கிறது. ஆனால் மழை இல்லாததால் மட்டுமா ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள்? அந்தப் பஞ்சத்திலும் தானியம் கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டுதான் இருந்தது. மழை பொய்த்தது கடலால். ஜனங்கள் செத்தது ஆட்சியால். இன்றைய வெள்ளத்துக்கும் அதே கேள்விதான்.

டெல்டா என்பது தட்டையான பூமி. தண்ணீர் வருவதற்குப் பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, போவதற்கு வடிகால் அவ்வளவு முக்கியம். ஆனால் தூர்வாரும் பணி எப்போது நடக்கிறது? மேட்டூர் திறப்பதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதத்தில். அதிலும் ஆற்றுக்கும் பெரிய வாய்க்காலுக்கும்தான் முதல் மரியாதை. சி, டி வாய்க்கால்களும் வடிகால்களும் கடைசிப் பந்தி. மே மாதம் வெட்டிய வடிகாலில் அக்டோபருக்குள் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மறுபடி அடைத்துக்கொள்கிறது. அடைமழையில் பொக்லைன் வண்டியைக் கரையில் இறக்க முடியுமா? அப்போது வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்து, முகத்துவாரம். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும், தண்ணீரை வாங்காது. கடல் வாங்கும் சில மணி நேரத்துக்குள் வடிந்தாகணும். அந்த நேரத்தில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால், வடிகால் ஓரம் இறால் குட்டைக் கரை நீட்டிக்கொண்டு நின்றால், ரோடு போட்டவர்கள் பெரிய மதகுக்குப் பதிலாக ஒற்றைக் குழாயைப் பதித்திருந்தால், மூன்று நாளில் வடிய வேண்டிய தண்ணீர் பத்து நாள் நிற்கிறது. மூன்று நாள் நின்றால் பயிர் தேறும். பத்து நாள் நின்றால் அழுகும். இந்த ஏழு நாள் வித்தியாசம் வானம் செய்ததில்லை. அதற்குப் பொறுப்பு தரையில் இருக்கிறது.

வெள்ளத்தைத் தாங்கும் ரகம் போடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். சி.ஆர். 1009 சப்-1 நல்ல ரகம்தான். இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கதிர் வந்த பிறகு மூழ்கினால் எந்த ரகம் தாங்கும்? விதையை மாற்றுவதும் வேண்டும், வடிகாலும் வேண்டும்.

நிவாரணமா, நீர்த்த மோரா?

2022ல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 6,900கூட வராது. உழவு, நாற்று, நடவு, உரம், களை என்று ஏக்கருக்கு 30 ஆயிரத்துக்குக் குறையாமல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த 6,900 வாங்குவதற்கும் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று அதிகாரி எழுதணும். அதுவும் இரண்டு ஹெக்டேர்வரைதான். 2022 வெள்ளத்தில் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு மூட்டை உரம் வாங்கலாம்.

பயிர்க் காப்பீட்டுக்கு வருவோம். சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மீதியை இரண்டு அரசுகளும் கட்டுகின்றன. ஆனால் இழப்பீடு உங்க வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய் கிராமத்தில் நாலு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி எடுத்துத்தான் தருவார்கள். மேட்டு வயல் பிழைத்து, பள்ளத்து வயல் அழுகினால், மேட்டு வயலின் நெல் பள்ளத்துக்காரன் இழப்பீட்டை விழுங்கிவிடும்.

தனி வயல் சேதத்துக்கும் திட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் நெல் வயல் மூழ்குவதை அந்தப் பட்டியலிலிருந்து 2018ல் எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் வளரும் பயிராச்சே என்று காரணம் சொன்னார்கள்! மீன் தண்ணீரில் வாழும் என்பதற்காக மீனவன் படகு மூழ்கலாமா? விவசாயிகளும் மாநிலங்களும் விடாமல் கேட்ட பிறகு, 2026 காரிஃப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. கத்தினால் கேட்கும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் காகிதத்தில் சேர்ப்பது வேறு, கைக்கு வருவது வேறு. அதுவரை நாம் ஓயக் கூடாது.

இன்னொரு சூட்சுமம். இழப்பீட்டுக்கு அடிப்படையான மகசூலை, முந்தின ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்துச் சராசரியிலிருந்து எடுக்கிறார்கள். ஏழில் இரண்டு வருஷம் கெட்டால் அதைத் தள்ளிவிடலாம். மூன்று, நாலு வருஷம் கெட்டால்? கெட்ட வருஷமும் கணக்கில் ஏறி அடிப்படை மகசூலே இறங்கிவிடும். மேலும் மேலும் அடிபடுகிறவனுக்கு மேலும் மேலும் குறைவாகக் கிடைக்கும். மழை மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு, நம்ம பக்கமும் கொஞ்சம் தயாராக இருக்கணும்.

காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள் என்று வழக்கமாக வைக்கிறார்கள். கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். சீர்காழியில் கொட்டியது நவம்பர் 11. அடங்கலை வாங்கி அக்டோபருக்குள் கட்டிவிடுங்கள். பயிர் பேரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று ரசீதைப் பாருங்கள். சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் நாலு வாரத்துக்கான கணிப்பு வெளியிடுகிறது. அதை ஒவ்வொரு கிளையிலும் படித்துச் சொல்ல ஒரு இளைஞரைப் போடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழைதான். 21ம் அதே பெயர், 95ம் அதே பெயர். சிவப்பு எச்சரிக்கை என்றால் மோசமானதை நினைத்தே தயாராகுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. வடிகால்கள், சி, டி வாய்க்கால்கள், முகத்துவாரங்களில் இரண்டாம் தடவை தூர்வாரும் பணியை ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டும். எந்த வடிகால், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும்.

2. வடிகால் ஆக்கிரமிப்புகளை ஆள் பார்க்காமல் அகற்ற வேண்டும். குறுகலான குழாய்ப் பாலங்களை இடித்து அகலமான மதகு கட்ட வேண்டும்.

3. வெள்ள நிவாரணம் ஏக்கருக்கு 35 ஆயிரம் ரூபாய். 33 சதவீதக் கணக்கு வேண்டாம். குத்தகை விவசாயிக்கு அவர் பெயரிலேயே கொடுக்க வேண்டும். வேலை இழந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்கும் நிவாரணம் வேண்டும்.

4. நெல் வயல் மூழ்கினால் தனி வயல் வாரியாக இழப்பீடு. அறுவடைப் பரிசோதனை முடிவைக் கிராமத்திலேயே வெளியிட வேண்டும். பேரிடர் வருஷம் எத்தனை வந்தாலும் அடிப்படை மகசூல் கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

5. மழைக்காலத்தில் நெல் கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லை முகர்ந்து பார்த்துப் போகும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்காது. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே 22 சதவீதம்வரை எடுக்க நிரந்தர உத்தரவு வேண்டும்.

6. ஊராட்சிதோறும் மழைமானி வைத்து, அந்த அளவை அன்றன்றைக்கு அறிவிக்க வேண்டும். 2022 நவம்பர் 11ல் சீர்காழிக்கும் செம்பனார்கோயிலுக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். வட்டத்துக்கு ஒரு மானி வைத்து எவன் வயலின் மழையை அளப்பது?

தோழர்களே! பசிபிக் கடலின் காற்றை நாம் நிறுத்த முடியாது. எல் நினோவுக்கு மனு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த அலுவலகத்துக்கு எழுதலாம், எழுதியதற்குப் பதில் வரும்வரை வாசலில் உட்காரலாம். அடுத்த தாழ்வுநிலை எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராமல் இருக்காது என்று நாம் எல்லோரும் சொல்ல முடியும். அதற்குள் வடிகாலை வெட்டு என்பதுதான் நம்ம கோரிக்கை. சம்பா நாற்று விடுவதற்குள் வேலை தொடங்கவில்லை என்றால் வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியோடு இதே வாசலுக்கு வருவோம்.

தூர்வாரு தூர்வாரு, வடிகாலைத் தூர்வாரு!
வழங்கிடு வழங்கிடு, முழு இழப்பீடு வழங்கிடு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!